முந்நூற்று இருபது கிராம்

எல்லோரும் சௌக்கியமா? உங்கள் பக்கம் வெயில் எப்படி இருக்கிறது? மூட்டுவலிக்காரர்கள் மத்தியானத்தில் வெளியே அலையாமல் இருக்கிறீர்களா, சர்க்கரைக்காரர்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே பாபநாசத்தில் கத்திரி ஆரம்பித்து ஆறு நாள் ஆகிறது. குடமுருட்டியில் மணல்தான் கிடக்கிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும். போர்செட் வைத்திருப்பவர்கள் வயலில் மட்டும் கொஞ்சம் பச்சை; மற்றதெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. இந்த மாதிரி நாளில்தான் ஊரில் இருக்கிற ஃப்ரிட்ஜெல்லாம் சொல்லிவைத்தாற்போல் படுத்துக்கொள்ளும், ஏசியெல்லாம் வெறும் காற்றை ஊதும், மெக்கானிக் இளையபெருமாளுக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த வருஷம் அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. நேரமில்லாமல் அலைந்தது அவன் பெண்டாட்டி ஷோபனா.

இளையபெருமாளுக்கு நாற்பத்தெட்டு வயது. தஞ்சாவூர் ரோட்டில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அவன் கடை. இருபத்தாறு வருஷமாகக் கேஸ் போடுகிறான். சமையல் கேஸ் இல்லை. ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் உள்ளே ஓடிக் குளிரைக் கொடுக்கிற கேஸ். அவன் அளந்து போட்டதே இல்லை. திரும்பி வருகிற குழாயை இரண்டு விரலால் தொடுவான், கண்ணை மூடுவான், "இன்னும் கொஞ்சம்" என்பான், "போதும்" என்பான். அவ்வளவுதான். பெருமாள் கை வைத்தால் குளிரும் என்று அய்யம்பேட்டை வரைக்கும் பேர். பழைய கேஸை வெளியேற்ற வேண்டுமானால் குழாயை வெட்டிவிடுவான். புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அந்தத் தெருப் பிள்ளைகள் ஓடிவந்து வேடிக்கை பார்க்கும். அந்தச் சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை ஆரம்பித்துவிட்டது என்பதற்கு மேளம் கொட்டின மாதிரி.

ஷோபனா பத்தொன்பது வருஷம் அவன் பக்கத்தில் நின்றவள். ஸ்பேனர் என்று அவன் வாயைத் திறக்குமுன் ஸ்பேனர் கையில் இருக்கும். குழாய் ஒட்டுகிற கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் கொடுப்பாள், ஈரத்துணி பிடிப்பாள், பில் எழுதுவாள். அதற்கு மேல் அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மாசி மாதம் மெக்கானிக் சங்கத்திலிருந்து ஆள் வந்தார். தஞ்சாவூரில் நாலு நாள் பயிற்சி, கடைக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்றார். இளையபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருவத்தாறு வருஷமா கேஸ் போடுறவனுக்கு நாலு நாள் க்ளாஸா? நான் போயி அவனுவளுக்குல்ல எடுக்கணும்?"

"வரலன்னா லிஸ்ட்லேருந்து கடை பேர அடிச்சிடுவோம்னு சொல்றாங்க" என்றாள் ஷோபனா.

"அப்ப நீ போயிட்டு வா. ஏசி ரூம்ல உக்காந்து, மத்தியானம் சாம்பார்சாதம் போடுவான், தின்னுட்டு ஒரு பேப்பர வாங்கிட்டு வா."

அப்படிச் சொன்ன வாயை அவன் பிற்பாடு எத்தனையோ தடவை மனசுக்குள் அடித்துக்கொண்டான்.

அவள் பேப்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வரவில்லை. சங்கத்தில் ஒரு வருஷம் உபயோகிக்கக் கொடுத்த ஒரு மெஷினோடு வந்தாள். ஏசிக்குள் இருக்கிற பழைய கேஸைக் காற்றில் விடாமல் உறிஞ்சி, சாம்பல் நிறத்தில் மஞ்சள் தலை வைத்த ஒரு சிலிண்டரில் அடைக்கிற மெஷின். கூடவே ஒரு தராசு, கண்ணுக்குப் போட ஒரு கண்ணாடி, முழங்கை வரை வருகிற கையுறை.

"இது எதுக்கு இந்தக் கூத்து?" என்றான்.

"வெளிய விட்டா வானத்துக்கும் கேடுங்க, நமக்கும் கேடு. அடைச்ச ரூம்ல விட்டா மூச்சு முட்டிப் போயிடும். அன்னிக்கு வலங்கைமான்ல ஒங்களுக்கு மயக்கம் வந்துச்சே, வெயில்னு நெனச்சோமே, அது வெயிலில்ல."

"நாலு நாள்ல டாக்டராயிட்ட."

"ஒரு கேஸோட இன்னொண்ணக் கலக்கக் கூடாது. சிலிண்டர்ல முக்காலுக்கு மேல கொஞ்சந்தான் புடிக்கணும், முழுசா ரொப்புனா வெயில்ல விரிஞ்சி வெடிக்கும். தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நிறுக்கணும், மூடுனப்புறம் ஒரு தடவ நிறுக்கணும், என்ன கேஸ், எவ்வளவு, யாரு புடிச்சதுன்னு மேலயே எழுதணும்."

அன்றைக்கு மத்தியானம் வற்றல்குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல். இளையபெருமாள் ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னான்: "இனிமே உப்பையும் அந்தத் தராசுல வெச்சிப் போடு."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

முதலில் ஒரு வீட்டில் கேட்டார்கள், பிறகு ஒரு தெருவில் கேட்டார்கள். "வீட்டம்மாவ அனுப்புறீங்களா? அவங்க வந்தா வீடு நாறுறதில்ல, சத்தமில்ல, எவ்வளவு போட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க." பொம்பளைகள் மட்டும் இருக்கிற வீடுகளில் அவளைத்தான் கேட்டார்கள். அது நியாயம் என்று இளையபெருமாள் வெளியே சொன்னான். ஆனால் வங்கிக்காரர்களும் அவளைத்தான் கேட்டார்கள். அரிசி ஆலைக்காரரும் அவளைத்தான் கேட்டார்.

பக்கத்து டீக்கடை அப்துல் மஜீதுக்கு அறுபது வயது, வாய் மட்டும் இருபது வயது.

"என்ன பெருமாளு, ஓனரம்மா வேலைக்குப் போயாச்சா?"

"யாரு ஓனரு?"

"போர்டுல ஒம் பேருதாம்ப்பா இருக்கு. ஃபோனு யாருக்கு அடிக்குதுன்னு பாத்துச் சொன்னேன்."

"டீயப் போடுங்க பாய். சக்கர தூக்கலா."

"போட்டுத்தான் குடுத்தேன். ஒனக்கு இப்ப எதக் குடிச்சாலும் கசக்குது, அதுக்கு நான் என்ன பண்ண?"

திருவாரூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் எழில்மொழி, வாட்ஸாப்பில் அம்மாவின் படத்தைப் போட்டிருந்தாள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு ஷோபனா. கீழே 'எங்க அம்மா' என்று எழுதி மூன்று நெருப்புப் படம். இளையபெருமாள் மகளின் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தன்னைத் தேடினான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பிறந்தநாள் படத்தில் கேக் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். பாதி முகம்தான் விழுந்திருந்தது.

அன்று அவன் ஒரு காரியம் செய்தான். தராசிலிருந்து பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுவிட்டான். ஷோபனா தராசை அமுக்கிப் பார்த்தாள், எரியவில்லை. கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஐந்து மாதமாக நின்றிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நேரே கடைத்தெருவுக்குப் போய் வேறு பேட்டரி வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனுக்குச் சண்டை போட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

எல்லாவற்றையும்விட அவனைச் சுட்டது ராஜகிரி மீரா உசேன் பாய் விஷயம். பாய் வெளிநாட்டில் சம்பாதித்து வந்து கட்டின கல்யாண மண்டபம், பத்து வருஷமாக இளையபெருமாள்தான் அங்கே ஏசி பார்க்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாயின் மகள் ஃபஹ்மிதாவுக்கே அந்த மண்டபத்தில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைக்கிற அறையில் இரண்டு ஏசி குளிரவில்லை. பாய் வீட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது இளையபெருமாள், போன் அடிக்கிறதா என்று பார்க்க, தன் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னான். பாய் போனை எடுத்து விரலால் தள்ளினார். இளையபெருமாள் எட்டிப் பார்த்தான். 'ஷோபனா ஏசி' என்று ஒரு பேர். அதற்குக் கீழே 'ஷோபனா வீட்டுக்காரர்' என்று ஒரு பேர். பாய் அமுக்கினதும் அவன் சட்டைப்பையில் மணி அடித்தது.

"வந்துருச்சா?" என்றார் பாய்.

"வந்துருச்சு பாய்" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஷோபனா மண்டபத்துக்குப் போய் இரண்டு ஏசியிலும் இருந்த பழைய கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டிலும் காயில், அதாவது குளிர்கிற குழாய்ச் சுருள், அரித்துப் போயிருந்தது. புதுக் காயில் வைத்து, பற்றவைத்து ஒட்டி, அதே கேஸைத் திரும்ப ஏற்றிவிடலாம் என்பது அவள் கணக்கு. அது பழைய ரகக் கேஸ், இருபத்திரண்டு என்பார்கள். இப்போது லேசில் கிடைப்பதில்லை. சிலிண்டர் மேல் மார்க்கரால் 'R-22' என்று எழுதி, எடையை எழுதி, தேதி போட்டு, 'ஷோபனா' என்று பேரும் எழுதிக் கடை மூலையில் நிற்கவைத்தாள்.

புதன்கிழமை காலையில் காயில் வாங்கக் கும்பகோணம் பஸ் ஏறினாள். அவள் போன பத்தாவது நிமிஷம் கடைப் போன் அடித்தது. குந்தவை டீச்சர். அவர் வீட்டுக்காரர் கால் ஒடிந்து கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார், அந்த அறை ஏசி ஓடவில்லை. வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது, வாங்கின கம்பெனிக்காரன் பத்து நாள் ஆகும் என்கிறான்.

இளையபெருமாள் போய் நின்றான்.

"ஷோபனா வரலைங்களா?"

"நான் வந்திருக்கேன்ல டீச்சர்."

"வாங்க வாங்க. அதுக்குச் சொல்லல."

அவன் வெளியே இருந்த யூனிட்டைப் பார்த்தான். சமையலறை ஜன்னலுக்குக் கீழே, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கம்ப்ரசர் கிளம்பவில்லை.

"கம்ப்ரசர் போயிருச்சு டீச்சர். மாத்தணும். அதுக்கு முன்னாடி கேஸ எடுக்கணும்."

"எப்படி எடுப்பீங்க?"

"தொறந்துவிட்டா போயிடும்."

"ஐயையோ, வேண்டாங்க. ஷோபனா எங்க ஸ்கூலுக்கு வந்து பிள்ளைங்ககிட்டப் பேசினாங்க. அவ்வளவு தெளிவாச் சொன்னாங்க. எனக்கே உறைச்சுது. பரவாயில்ல, அவங்க வரட்டும். ஒரு நாள் ஃபேன்ல இருந்துக்கறோம்."

கால் ஒடிந்த மனுஷனை வேகிற அறையில் போட்டுவைத்துக்கொண்டு, கைராசிக்காரன் எதிரே நிற்க, அவள் வரட்டும் என்கிறார்கள். இளையபெருமாளுக்குக் காதோரம் ஜிவ்வென்றது.

"அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான் டீச்சர். மெஷினக் கடையில வெச்சிட்டு வந்துட்டேன். இந்தா எடுத்துட்டு வரேன்."

மூன்று மாதமாக அவள் வேலை செய்வதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். எந்த ஹோஸ் எங்கே போகும், எந்தத் திருகை முதலில் திறப்பாள் எல்லாம் அத்துப்படி. மெஷினை எடுத்தான், மூலையில் ஷோபனா எழுதி நிற்கவைத்த அந்த ஒரே சிலிண்டரை எடுத்தான். தராசை மட்டும் எடுக்கவில்லை. தராசு அவள் சமாச்சாரம். அவனுக்குக் கை இருக்கிறது.

டீச்சர் வீட்டு ஜன்னலுக்கு உள்ளே குக்கர் விசில் அடித்தது, கடுகு வெடித்தது, வாழைக்காய் வதங்குகிற வாசனை வந்தது. வெளியே அவன் மெஷினைப் போட்டான். மெல்லிசாக ஓடியது. அழுத்தம் காட்டுகிற முள் இறங்கியது. புஸ் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. சிலிண்டர் மேல் உள்ளங்கையை வைத்தான். உள்ளே ஏதோ வந்து சேர்வது கைக்குத் தெரிந்தது. ஓடுகிற கெளுத்தியைக் கையாலேயே பிடித்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது அவனுக்கு. இருபத்தாறு வருஷமாக விட்டுவிட்டவன், முதல்தடவையாகப் பிடித்திருக்கிறான்.

டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அட, நீங்களும் ஷோபனா மாதிரியே பண்றீங்களே!"

வந்த சந்தோஷம் வந்த வழியே போயிற்று.

கடைக்கு வந்து மெஷினைத் துடைத்து, அவள் சுற்றுகிற மாதிரியே ஹோஸைச் சுற்றி, சிலிண்டரை இருந்த இடத்தில் இருந்த திசையிலேயே நிற்கவைத்தான். சாயங்காலம் அவள் காயிலோடு வந்தாள். கொத்சுக்குக் கத்திரிக்காய் சுட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு நாக்கு நுனி வரை வந்தது, 'நானும் புடிச்சேன் இன்னிக்கு' என்று. சொன்னால் என்ன ஆகும்? எந்தக் கேஸ், எவ்வளவு எடை, எந்தச் சிலிண்டர் என்று கேட்பாள். பதில் இல்லை. அதைவிட, அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று ஆகிவிடும். விழுங்கிவிட்டான். எல்லாம் குளிர்கிற கேஸ்தானே, கொஞ்சம் கலந்தால் என்ன, எத்தனை பேர் கலந்து போடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"ஒடம்புக்கு என்னங்க? ரெண்டு இட்லியோட எந்திரிச்சிட்டீங்க?"

"வெயிலு."

வியாழக்கிழமை காலையில் அவள் டிவிஎஸ்ஸில் மெஷின், டார்ச், சிலிண்டர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ராஜகிரிக்குப் போனாள். அவன் கம்ப்ரசர் நம்பர் குறித்துக்கொள்ள டீச்சர் வீட்டுக்குப் போனான். நம்பர் முதுகுப்பக்கம் இருக்கும் என்று போல்ட்டைக் கழற்றி யூனிட்டைத் திருப்பினான்.

மஞ்சள் முக்கோணம். முக்கோணத்துக்குள் ஒரு நெருப்பு. கீழே R-290.

அந்த நம்பர் அவனுக்குத் தெரியும். எழில்மொழியிடம் ஷோபனா போனில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறான்: "புதுசா வருதுடி ஒண்ணு, நம்ம அடுப்பு கேஸுக்குத் தம்பி. நல்லாக் குளிரும், வானத்துக்கும் கெடுதல் இல்ல. ஆனா ஒரு பொறி பட்டாப் போதும். அதுக்கு இந்த மெஷினே ஆகாது, வேற மெஷினு."

ஜன்னலுக்கு உள்ளே நேற்று மாதிரியே குக்கர் விசில் அடித்தது. நேற்று இந்த இடத்தில், இந்த அடுப்பு எரிய எரிய, அதற்கு ஆகாத மெஷினைப் போட்டு, வெறும் கையைச் சிலிண்டர் மேல் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரு ஹோஸ் கொஞ்சம் கசிந்திருந்தால்?

அதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது. அந்தச் சிலிண்டர் இப்போது அவள் பக்கத்தில் இருக்கிறது. மண்டபத்து யூனிட்டெல்லாம் நாலு பக்கமும் சுவர் வைத்த சின்ன மாடத்தில் இருக்கும், காற்று வராது. ஒரு ஏசியில் கேஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஏசியில் டார்ச்சைப் பற்றவைத்து ஒட்டுவது அவர்கள் கடைப் பழக்கம். நேரம் மிச்சம் என்று அவன் சொல்லிக்கொடுத்த பழக்கம். அதை அவள் விட்டுவிட்டாளா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. மூன்று மாதமாக அவள் கையைப் பார்த்தவன், நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன் போட்டான். அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டான். எடுக்கவில்லை.

"பெருமாள், என்ன ஆச்சு? முகமெல்லாம்…"

"அடுப்ப அணைங்க டீச்சர்" என்றான், அணைத்து இனிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும். வண்டியை எடுத்துவிட்டான்.

பாபநாசத்திலிருந்து ராஜகிரி எவ்வளவு தூரம், பத்து நிமிஷம்கூட ஆகாது. அன்றைக்கு அது தஞ்சாவூரைவிடத் தூரமாக இருந்தது. ரோட்டில் பாதிக்கு உளுந்துச்செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள், போகிற வண்டி ஏறி உதிரட்டும் என்று. அதில் வண்டி வழுக்கிச் சாய்ந்தது. முழங்கை சிராய்ந்தது. காவலுக்கு உட்கார்ந்திருந்த பொம்பளை எழுந்து கத்தினாள்.

"ஏய்யா, கண்ணு பொடனியிலயா இருக்கு? பொண்டாட்டிக்குப் பிரசவமா, இந்த ஓட்டம் ஓடுற?"

அவன் வண்டியைத் தூக்கி நிறுத்தி மறுபடி மறுபடி போன் போட்டான். அடித்தது. எடுக்கவில்லை. வழியெல்லாம் அவன் காது ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தது. புஸ்ஸென்ற சத்தம் இல்லை. அதைவிடப் பெரிய சத்தம்.

மண்டபத்து வாசலில் பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் வண்டியை ஸ்டாண்ட் போடாமல் கீழே தள்ளிவிட்டு ஓடினான்.

"பத்த வெக்காத! ஷோபனா, பத்த வெக்காத!"

"இங்க இருக்கேன்" என்று பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கொல்லைப்பக்கம் புங்கமரத்து நிழலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஷோபனா உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து பத்தடி தள்ளி, வெட்டவெளியில், ஈரச் சாக்குச் சுற்றிய சிலிண்டர் நின்றது. பக்கத்தில் தராசு. தராசின் மேல் ஒரு கிலோ சீனிப் பொட்டலம்.

அவன் மூச்சு வாங்க நின்றான். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

"என்ன கேஸு?" என்றாள்.

அவன் முழங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"தொறக்கறதுக்கு முன்னாடி நிறுத்தேன். முந்நூத்தி இருவது கிராம் கூட இருக்கு. தராசுதான் கெட்டுப்போச்சோ, மறுபடி பேட்டரிய யாரும் நோண்டிட்டாங்களோன்னு, பாய் வீட்டு அடுப்படியிலேருந்து சீனி வாங்கியாந்து நிறுத்துப் பாத்தேன். தராசு சரியா இருக்கு. சிலிண்டருக்குக் குட்டியா போடத் தெரியும்? கடைச் சாவி நம்ம ரெண்டு பேருகிட்டத்தான் இருக்கு. அதான் கேக்கறேன், என்ன கேஸு?"

"எரநூத்தித் தொண்ணூறு."

ஷோபனா எழுந்துவிட்டாள். அதுவரைக்கும் அவளுக்குக் கோபம்தான் இருந்தது. இப்போதுதான் பயம் வந்தது. மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே டார்ச் தயாராகப் படுத்திருந்தது.

"இந்த மெஷின்லயா எடுத்தீங்க?"

"ம்."

"எங்க?"

"டீச்சர் வீட்டுல. ஜன்னலுக்குக் கீழ."

"அடுப்பு எரிஞ்சுதா?"

அவன் தலையை ஆட்டினான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பந்தல்காரர்கள் மூங்கிலைப் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒங்களுக்கு எதாவது ஆயிருந்தா?" என்றாள். குரல் உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டாள். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ கேள்வி கேப்ப."

"கேட்டா?"

"பதில் தெரியாது." சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒன்ன மாதிரி நானும் புடிக்கணும்னு ஆசையா இருந்துச்சு. ஒங்கிட்டக் கேக்கத்தான் வரல. ஏழு தடவ ஃபோன் போட்டேன். ஏன் எடுக்கல?"

"அடிச்சது தெரியும். எடுத்தா அதுலயே சொல்லி அதுலயே முடிச்சிருப்பீங்க. நேர்ல வரட்டும்னு உக்காந்திருந்தேன்."

அவன் அவளைப் பார்த்தான். ஏழு தடவையும் மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் அந்த ரோட்டில் செத்துப் பிழைத்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள் போல. பத்தொன்பது வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் இத்தனை அழுத்தக்காரி என்று அன்றுதான் கண்டான்.

"இனிமே இத ஏசியில ஏத்த முடியாது. கலந்தது கலந்ததுதான், பிரிக்க வழியில்ல" என்றாள். "ஒரு ஓரமா, நெருப்பில்லாத எடமா வெச்சி, அப்படியே சங்கத்துல ஒப்படைக்கணும். ஞாயித்துக்கெழம கல்யாணம். இருவத்திரண்டுக்கு இப்ப எங்க போறது?"

இளையபெருமாள் கொஞ்சம் தயங்கினான். "பரண்ல ஒண்ணு இருக்கு. முக்கால் சிலிண்டரு. தனியா வெச்சிருந்தேன்."

"தெரியும். பழைய கொசுவலைக்குப் பின்னாடி."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சேன்ல."

சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். சிலிண்டரை ஒட்டிக் குந்தி, தன் எழுத்தையும் தன் பேரையும் ஒரே கோடாக அடித்தாள். புதுசாக ஒரு வரி எழுதினாள்: 'R-22, R-290 கலந்தது. திறக்காதே. கூடுதல் 320 கிராம்.' தேதி போட்டாள். அதற்குக் கீழே நிறுத்தி, மார்க்கரை அவன் பக்கம் நீட்டினாள்.

"புடிச்சவங்க பேர எழுதணும்."

அவன் வாங்கிக்கொண்டான். இருபத்தாறு வருஷத்தில் சிலிண்டர் மேல் அவன் எழுதினதே இல்லை. 'இளையபெருமாள்' நீளமான பேர். சிலிண்டரின் வளைவில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மீரா உசேன் பாய் வந்தார். பின்னாலேயே தேங்காய் மூட்டை தூக்கிக்கொண்டு ஒரு ஆள்.

"என்ன தங்கச்சி, வேலை நிக்கிது? நீ வேற வந்திருக்க பெருமாளு. கையில என்ன ரத்தம்?"

இளையபெருமாள் மார்க்கரை மூடினான். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மண்டபம் முழுக்க, ராஜகிரி முழுக்க, நாளைக்கு மஜீது கடை முழுக்கப் பரவும். சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"இந்தச் சிலிண்டரு ஒத்து வரல பாய்" என்றாள் ஷோபனா. "மாத்தணும். நல்ல கேஸு இவருகிட்டத்தான் இருக்கு, போயி எடுத்தாரேன்னு சொல்றாரு. நாளைக்குக் காலையில குளுரும்."

"அப்பிடியா? பெருமாளு கையிருப்பு இல்லாம போவுமா!" என்றார் பாய், தேங்காயின் பின்னாலேயே நடந்துவிட்டார்.

இளையபெருமாளுக்கு நன்றியாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வரும் போலக்கூட இருந்தது. அதற்கு நடுவிலும் மனசுக்குள் ஒரு பொறி பறந்தது: கேஸ் பிடிப்பதுதான் அவளுக்கு அவனைவிட நன்றாக வருகிறது என்றால், விட்டுக்கொடுப்பதுமா?

கீழே கிடந்த வண்டியைத் தூக்கினான். கொஞ்சம் நின்று, வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அந்த க்ளாஸு மறுபடி எப்ப?"

"ஆவணியில."

"பேரு குடுத்துடு."

"ஒங்க பேரா?"

"பின்ன, மஜீது பாய் பேரா?"

அவள் சிரிப்பை அடக்கினாள். அடக்கினது தெரிந்தது.

"குடுக்கறேன். ஆனா ஒரு விஷயம் இருக்குங்க. மொதல்லயே சொல்லிடறேன், அப்பறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

"என்ன?"

"இந்தத் தடவ சொல்லிக்குடுக்க என்னையும் கூப்பிட்டிருக்காங்க."

இளையபெருமாள் கிக்கரை உதைத்தான். கிளம்பவில்லை. இன்னொரு தடவை உதைத்தான்.

"நான் கடைசி பெஞ்சுலதான் உக்காருவேன்" என்றான்.

"உக்காருங்க. அங்கதான் கேள்வி கேப்பேன்."

வண்டி கிளம்பிவிட்டது. உளுந்துக்காரி இருக்கிற ரோட்டில் இந்தத் தடவை ஓரமாக, மெதுவாகப் போனான். அவள் திட்டவில்லை. அவன்தான் வழியெல்லாம் வாயைத் திறக்காமல் யாரையோ திட்டிக்கொண்டே போனான், பரணில் இருக்கிற சிலிண்டரை எடுக்க. எடுத்ததும் அதைத் தராசில் வைத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது பாதி வழியில் அவனுக்கு நினைவு வந்தது. தராசு அவளிடம் இருந்தது.

சரி, உங்கள் வீட்டில் எப்படி? புருஷன் மேல் பெண்டாட்டிக்கோ, பெண்டாட்டி மேல் புருஷனுக்கோ, அண்ணன் மேல் தம்பிக்கோ, கைத்தொழிலில் இப்படி ஒரு எரிச்சல் வந்ததுண்டா? வந்து என்ன ஆயிற்று? எதை ஒளித்துவைத்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள்? வெட்கப்படாமல் எழுதுங்கள். எழுதும்போது அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுங்கள்.